உன் சாயலில் ஒருத்தி

மார்ச் 3

என் ஊமைக்கோட்டானுக்கு,

லோடு இறக்க ஆட்கள் இன்னும் வரவில்லை. கிடங்கு வாசலில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுத்து வேறு எப்படி இருக்கும்?

நேற்று உனக்குப் போன் போட்டேன். "சாப்பிட்டியா?" என்றேன். "ம்." "ரூம் வசதியா இருக்கா?" "ம்." "மேலதிகாரி திட்டுறாங்களா?" அதற்கும் "ம்." திட்டுகிறார்களா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "எதுக்குண்ணே தனியாப் பேசிட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

பேச வாய் இல்லை, எழுத மட்டும் உனக்குப் பத்து வாய். அதனால்தான் ஊரே போனில் பேசிக்கொண்டிருக்க, நாம் இரண்டு பேர் மட்டும் தபால்காரரை நடக்கவிடுகிறோம்.

உன் அம்மா பிஸ்கட் பாக்டரியில் எல்லோரிடமும், மகள் வெள்ளைக் கோட்டு போட்டு வேலை செய்கிறாள் என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேர் காய்ச்சலுக்கு மருந்து கேட்டார்களாம். "தண்ணியப் பரிசோதிக்கிற கோட்டு" என்று விளக்க அவளுக்கு மனம் வரவில்லை.

தார்ப்பாய்க் கயிறு கட்டும் முடிச்சைக் கற்றுத்தரச் சொல்லி மறுபடியும் கேட்டிருந்தாய். காலேஜ் முடித்த கைக்குக் கயிறு எதற்கு? நம் வீட்டின் முதல் பட்டம் நீ. முடிச்சுப் போட நான் இருக்கிறேன்.

உன் லாரிக்காரன்


மார்ச் 12

அன்புள்ள அப்பா,

மேலதிகாரி திட்டுவதில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பார், அவ்வளவுதான். அது திட்டைவிட மோசம்.

போனில் நான் பேசாமல் இருப்பது பேச எதுவும் இல்லாததால் அல்ல. நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள். உங்கள் குரலுக்குப் பின்னால் ஹார்ன் சத்தமும் யாரோ கல்லாவில் சில்லறை போடும் சத்தமும் கேட்கும். நீங்கள் எந்த மாதிரி இடத்தில் நிற்கிறீர்கள் என்று கண்ணை மூடிப் பார்த்துக்கொள்வேன். "ம்" என்றால் 'இன்னும் சொல்லுங்கள்' என்று அர்த்தம்.

இங்கே ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். தண்ணீரில் ஒரு சாயத்தைக் கலந்துவிட்டு, கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெகுநேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு ஒரே ஒரு சொட்டில் குடுவை முழுவதும் நிறம் மாறிவிடும். முதல் நாள் கொட்டாவி விட்டுக்கொண்டு அந்தச் சொட்டைத் தவறவிட்டேன். பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்.

முடிச்சை எப்படியும் கற்றுக்கொள்வேன். அடுத்த தடவை வரும்போது வண்டிமேல் ஏறி நிற்பேன். இறக்கிவிட முடிந்தால் இறக்கிவிடுங்கள்.

கோட்டான்


ஏப்ரல் 6

அப்பா,

இதை உங்கள் தலையணைக்கு அடியில் வைக்கப்போகிறேன். தெளிவு வந்ததும் படியுங்கள்.

நீங்கள் விழுந்தது உங்களுக்கு நினைவிருக்காது என்கிறார்கள். சிமெண்ட் மூட்டைமேல் நின்று தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்திருக்கிறது. தலையின் வலது பக்கம் தரையில் மோதியிருக்கிறது. அம்மா போன் செய்தபோது நான் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா விழுந்துட்டாருடி" என்றாள். எனக்கு வந்த பதில் என்ன தெரியுமா? "ம்." போட்டிருந்த கோட்டோடு பஸ் ஏறினேன்.

மண்டை ஓட்டைத் திறந்து இரத்தக்கட்டை எடுத்திருக்கிறார்கள். மருத்துவர் இதை, தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுத்தவர்போலச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா என்னிடம், "நீ படிச்சவ, சொல்லுடி, என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். எனக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்தது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை.

உங்களை வார்டில் முதலில் பார்த்தபோது, தவறான கட்டிலுக்கு வந்துவிட்டேன் என்று திரும்பிப் போகப் பார்த்தேன். முடி இல்லை. முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்த, நகம் இல்லாத கால் கட்டைவிரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

நேற்று கண் விழித்தீர்கள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தீர்கள். "வண்டி எங்க?" என்று கேட்டீர்கள். அம்மா அழுதுகொண்டே, "பாரு, பொண்டாட்டியக் கேக்கல, வண்டியக் கேக்குறாரு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "சிஸ்டர், தண்ணி" என்றீர்கள்.

வார்டில் குளிருக்காக வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன். அதனால்தான் அப்படிச் சொன்னீர்கள். இன்று அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டேன்.

கோட்டான்


மே 9

கோட்டானுக்கு,

உடனே புறப்பட்டு வா. இதை யாரிடமும் காட்டாதே.

என்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இடது கை சொன்ன பேச்சு கேட்பதில்லை. அது போகட்டும். வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். உன் சாயலில் இருக்கிறாள். சாயல் என்றால் அச்சு அசல். உன் சட்டையைப் போட்டிருக்கிறாள், உன் சீப்பில் தலை வாருகிறாள், உன் கட்டிலில் படுக்கிறாள். நடை, மூக்கு, எல்லாம் நீதான். ஆனால் நீ இல்லை. எனக்குத் தெரியாதா?

அப்பா என்று கூப்பிடுகிறாள். என்ன துணிச்சல் பார். "அது எம் மக சொல்ற வார்த்தை, நீ சொல்லாதே" என்று சொன்னேன். முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நடிப்பும் நன்றாக வருகிறது.

நேற்று உனக்குப் போன் போட்டேன். மணி எங்கே அடித்தது தெரியுமா? நம் அடுக்களையில். உன் போன் அவள் கையில் இருக்கிறது! உன்னை என்ன செய்தார்கள்?

உன் அம்மா வெகுளி. அவளை மயக்கிவைத்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். நான் அவள் கொடுக்கும் மாத்திரையை முழுங்குவதில்லை. நாக்குக்கு அடியில் வைத்திருந்து ஜன்னல் வழியே துப்பிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம்தான் தபாலில் போடக் கொடுக்கிறேன். வேறு வழி இல்லை. நீ உயிரோடு இருந்தால் உன் கையெழுத்தில் ஒரு வரி போடு. உன் கையெழுத்தை எவளாலும் போட முடியாது.

லாரிக்காரன்


மே 10

அப்பா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மா அதைத் தபாலில் போடவில்லை. அடுக்களைக்கு வந்து என் கையில் கொடுத்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் இருமுவது கேட்கிறது.

அப்பா, அந்தப் பெண் நான்தான்.

போன் என் கையில் அடித்தது, ஏனென்றால் அது என் போன். கட்டில் என் கட்டில். இடது முழங்கையில் தழும்பு இருக்கிறது, பாருங்கள். நீங்கள் ஊரிலிருந்து வந்த சந்தோஷத்தில் ஓடிவந்து, உங்கள் கையிலிருந்த டீயைத் தட்டிவிட்டேனே, அந்தத் தழும்பு.

மருத்துவரிடம் கேட்டேன். அடிபட்ட இடத்தால் இப்படி ஆகுமாம். கண்ணுக்கு முகம் தெரிகிறது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் மனதில் கிளம்புகிற பாசம் வந்து சேர்வதில்லை. பாசம் வராததால், 'இது என் மகள் இல்லை, மகளைப் போல யாரோ' என்று மூளை முடிவு கட்டிவிடுகிறதாம். சரியாகுமா என்று கேட்டேன். "பொறுத்துப் பாக்கணும்" என்றார். அம்மாவை மட்டும் எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

அம்மாவிடம் அதற்குப் பதில் இருந்தது. "வருஷத்துல பாதிய ரோட்டுல கழிச்ச மனுசன். உன் மூஞ்சியப் பாத்ததவிட உன் எழுத்தப் பாத்ததுதான் அதிகம். அவருக்கு நீ லெட்டர்லதான்டி இருக்க" என்றாள். அம்மா எட்டாம் வகுப்பும் படிக்கவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் அப்பா. இது என் கையெழுத்துதானே? இதை முடித்துவிட்டு நான் உங்கள் முன்னால் வந்து நிற்பேன். தயவுசெய்து மாத்திரையைத் துப்பாதீர்கள்.

கோட்டான்


மே 12

கோட்டானே,

உன்னை மிரட்டி எழுதவைத்திருக்கிறார்கள். எழுத்து உன்னுடையதுதான், சந்தேகம் இல்லை. கதை அவளுடையது. எங்கே அடைத்துவைத்திருக்கிறார்கள்? அடுத்த கடிதத்தில் ஒரு மூலையில் ஏதாவது அடையாளம் போடு.

காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் படிக்கும்போதே அவள் எதிரே வந்து நின்றாள். முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். தழும்பைக்கூட உண்டாக்கிக்கொண்டிருக்கிறாள்! இதற்காகத் தன் தோலையே சுட்டுக்கொண்டாள் என்றால், அவள் எதற்கும் துணிந்தவள்.

தண்ணீர்ச் சொம்பைத் தூக்கி எறிந்தேன். நெற்றியில் பட்டது. இரத்தம் வந்தது. உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை.

நான் அடிக்கிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் என் பிள்ளையை எடுத்துக்கொண்டு, என் பிள்ளையின் முகத்தைக் காட்டினால் நான் என்ன செய்யட்டும்?

சோறு தொடவில்லை. நீ வந்தால்தான் சாப்பிடுவேன்.


மே 16

அன்புள்ள அப்பா,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அது என் முட்டாள்தனம். என்னை யாரும் அடைத்துவைக்கவில்லை. நான் வேலை செய்யும் ஊரில், என் அறையில், பத்திரமாக இருக்கிறேன்.

அந்தப் பெண் என் தோழி. அவளை அனுப்பியது நான்தான். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. உங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அனுப்பினேன். என்னைப் போலவே இருப்பதால், அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். உங்களைக் கலங்கவைக்கும் என்று யோசிக்கவில்லை. என் போனையும் சட்டைகளையும் நானே கொடுத்தேன். இங்கே புதிது வாங்கிக்கொண்டேன்.

அவள் கெட்டவள் இல்லை. அதிகம் பேச வராது, அவ்வளவுதான். மாத்திரையை அவள் கையால் வாங்கிச் சாப்பிடுங்கள். சோறும் சாப்பிடுங்கள். இது என் கையெழுத்து. என்னை நம்புவதுபோல அவளை நம்பலாம்.

இனி உங்களை அப்பா என்று கூப்பிட மாட்டாள். ஐயா என்று கூப்பிடச் சொல்லிவிட்டேன்.

நெற்றிக் காயத்துக்கு இரண்டு தையல் போட்டதாக எழுதியிருந்தாள். உங்கள்மேல் அவளுக்குக் கோபம் இல்லையாம்.

கோட்டான்


ஜூன் 2

என் கோட்டானுக்கு,

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும். உன் கடிதம் வந்த அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல ஐயா" என்றாள். பிறகு ஏனோ அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். பாத்திரம் கழுவும் சத்தமே கேட்கவில்லை. தண்ணீர் விலை தெரியாத பெண்.

உன்னை மாதிரியே ஊமை. என்ன கேட்டாலும் "ம்." "உங்க ரெண்டு பேரையும் ஒரே பள்ளிக்கூடத்துலதான் செஞ்சாங்களா?" என்று கேட்டேன். அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்தால் அப்படியே நீ. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மருத்துவமனையில் இடது கைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். ரப்பர் பந்தை அமுக்கச் சொல்கிறார்கள். நான் என்ன கைக்குழந்தையா? துணி காயப்போடும் கயிற்றை எடுத்து அவளுக்குத் தார்ப்பாய் முடிச்சு சொல்லித்தந்தேன். ஒரு கை எனது, ஒரு கை அவளுடையது. இரண்டு கையும் சேர்ந்தால்தான் முடிச்சு விழுகிறது. கெட்டிக்காரி, சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். இப்போது கட்டில் காலில் எல்லாம் முடிச்சு. உன் அம்மா தடுக்கி விழப் பார்த்தாள்.

உனக்குச் சொல்லித்தரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நீ வந்ததும் உனக்கும் உண்டு. எப்போது வருகிறாய்?

லாரிக்காரன்


ஜூன் 8

அன்புள்ள அப்பா,

கோபம் இல்லை. கொஞ்சம் பொறாமை இருக்கிறது.

வருகிற ஞாயிறு மத்தியானம் வருகிறேன். பட்டமளிப்பு நாளில் நீங்கள் வாங்கிக்கொடுத்த நீலச் சுடிதாரில் வருவேன். அந்தத் தோழி அன்றைக்கு இருக்க மாட்டாள். நான் மட்டும்தான் வருவேன். என்னை நன்றாகப் பாருங்கள் அப்பா. அவசரப்படாமல் பாருங்கள்.

கோட்டான்


ஜூன் 15

கோட்டானுக்கு,

ஏன் வரவில்லை?

காலையிலேயே சவரம் செய்துகொண்டேன். வெட்டுப்பட்டது, பரவாயில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் "மக வர்றா" என்று சொன்னேன். "எங்கருந்து வர்றா மக?" என்று ஒருத்தர் சிரித்தபடி கேட்டார். அவருக்கு உன் அம்மா கண்ணைக் காட்டினாள். ஏன் என்று தெரியவில்லை.

தெருமுனையில் நீலம் தெரிந்தது. எழுந்து நின்றுவிட்டேன். கைத்தடிகூட எடுக்கவில்லை.

வந்தது அந்தப் பெண். உன் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, உன் பையைத் தூக்கிக்கொண்டு. நெற்றியில் என் சொம்பு போட்ட தழும்பு. பக்கத்தில் வந்து நின்றாள். சரி, பஸ்ஸிலிருந்து உன்னைக் கூட்டி வந்திருக்கிறாள் என்று நினைத்து அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். தெரு காலியாக இருந்தது. "பின்னாடி வர்றாளா?" என்று கேட்டேன்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா, அதைச் சொல்ல வந்திருக்கிறாளா என்று பயந்துவிட்டேன். "எம் பொண்ணு எங்கம்மா? எதுவானாலும் சொல்லிடு" என்று கேட்டேன். "நல்லா இருக்கா ஐயா. வர முடியல" என்றாள்.

வர முடியாவிட்டால் சொல்லி அனுப்புவதற்கு என்ன? பாவம், அந்தப் பெண்ணை ஏன் உன் துணியில் அனுப்புகிறாய்? இனி அப்படிச் செய்யாதே.

லாரிக்காரன்


ஜூன் 24

அன்புள்ள அப்பா,

இனி அப்படிச் செய்ய மாட்டேன். மன்னித்துவிடுங்கள்.

கடைசி நேரத்தில் வர முடியவில்லை. எவ்வளவோ முயன்று பார்த்தேன்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத ஏன் இத்தனை நாள் என்று கேட்பீர்கள். பேனாவை எடுத்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு இப்படி ஆனதே இல்லை.

அந்தத் தோழிக்கு அவளுடைய வேலையிடத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேரவில்லை என்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடுமாம். அவளுக்குப் போக மனமில்லை. அம்மாதான், "நீ இங்க உக்காந்து அழுதா மட்டும் அவருக்குத் தெரிஞ்சிடுமா? போ, போய் எழுது. அது அவருக்குப் புரியும்" என்று சொல்லி அனுப்பிவைக்கிறாளாம். பாக்டரியில் அம்மா காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். அத்தை பகலில் வந்து இருப்பார்.

அவள் போன பிறகும் நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன். அதில் மாற்றம் இல்லை.

கோட்டான்


ஜூன் 27

என் கோட்டானுக்கு,

ஒரு விஷயம். உன்னிடம் கேட்காமல் செய்யக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பெண் பெட்டி கட்டுகிறாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்கிறேன். பெட்டியின் பூட்டு உடைந்திருக்கிறது போல. கயிறு எடுத்துத் தார்ப்பாய் முடிச்சு போட்டாள். இழுத்துப் பார்த்தேன். என் முடிச்சைவிட இறுக்கம். என் கயிறு அறுந்தது, இவள் கயிறு அறாது.

இத்தனை நாள் எனக்குச் சோறு ஊட்டினாள், சவரம் செய்துவிட்டாள், சொல்லக் கூசுகிற வேலையெல்லாம் செய்தாள். பெற்ற மகள்கூட இப்படிச் செய்வாளா என்று யோசித்தேன். நீ செய்வாய், எனக்குத் தெரியும். தூரத்தில் இருப்பதால் உன்னால் முடியவில்லை. அது உன் தப்பு இல்லை.

அவள் ஐயா ஐயா என்று கூப்பிடும்போது, அதற்கு முன்னால் ஒரு விக்கல் மாதிரி வருகிறது. வேறு ஏதோ சொல்ல வந்து மாற்றிக்கொள்கிறாள். அவளுக்கு அப்பா இருக்கிறாரா என்று கேட்டேன். "இருக்காரு" என்றாள். "பாக்கப் போறதில்லையா?" என்றேன். "தினமும் பாக்குறேன். அவருக்குத்தான் என்னத் தெரியல" என்றாள். எப்பேர்ப்பட்ட அப்பன் அவன்! எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அதனால் கேட்கிறேன். போவதற்குள் ஒரு தடவை அவள் என்னை அப்பா என்று கூப்பிடட்டுமா? முதலில் நான்தான் கூடாது என்று சொன்னேன். அது உன் வார்த்தை, நீ கொடுத்தால்தான் உண்டு. உனக்கு ஒரு துளி வருத்தம் என்றாலும் வேண்டாம். சீக்கிரம் பதில் போடு, அவள் கிளம்பிவிடுவாள்.

லாரிக்காரன்


ஜூன் 28

அப்பா,

வருத்தம் இல்லை. கூப்பிடட்டும்.

கோட்டான்


ஜூலை 11

அன்புள்ள அப்பா,

இங்கே மழை. குழாய்த் தண்ணீர் கலங்கி வருகிறது, அதனால் எங்களுக்கு வேலை அதிகம். கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டு விடும்போது இப்போதெல்லாம் நான் கொட்டாவி விடுவதில்லை. நிறம் மாறிய பிறகும் குடுவையைச் சட்டென்று கொட்டிவிட மனம் வருவதில்லை. கொஞ்சநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.

அந்தப் பெண் எனக்கு எழுதியிருந்தாள். கிளம்புகிற அன்று காலையில், கயிறு கட்டிய பெட்டியோடு உங்கள் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாளாம். "எம் மக சரின்னுட்டாம்மா, கூப்பிடு" என்று நீங்களே சொன்னீர்களாம். பெட்டியைக் கீழே வைத்தாளாம். பிறகு கூப்பிட்டாளாம்.

நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ம்" என்று மட்டும் சொன்னீர்களாம்.

பத்து ஊருக்குக் கேட்கப் பேசுகிற மனிதர் நீங்கள், உங்களுக்கு என்ன ஆயிற்று என்று அம்மா கேலி செய்தாளாம். அவளுக்கு அது புரியாது அப்பா. 'ம்' என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத்தான் தெரியும்.

அவள் இன்னும் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாளாம்.

கோட்டான்